இராவணன் மீசை: இராமநாதபுரம் கடற்கரையின் மணல்மேட்டுப் புல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தனுஷ்கோடியைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களும், மண்டபம், உச்சிப்புளி, பெரியபட்டினம் பக்கம் கடலோரத்தில் வீடு கட்டுகிறவர்களும் இந்தப் புல்லைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். அடையாளம் காண்பது பற்றிய பகுதி மற்றவற்றைவிட நீளமானது. இந்தப் புல்லை நேசிப்பவர்களில் பலர்கூடப் பாதிச் செடியை மட்டுமே அறிந்திருப்பதால் அதற்குக் கூடுதல் இடம் கொடுத்தேன்.

தனுஷ்கோடிச் சாலையில் காற்றில் உருண்டோடும் முள் உருண்டை எது?

இராவணன் மீசை என்று நம் பக்கத்தில் அழைக்கப்படும் புல்லின் பெண் கதிர்த்தலை அது. முற்றிக் காய்ந்ததும் காம்போடு ஒடிந்து, காற்று தள்ளும் திசையில் மணலில் உருண்டு செல்லும். மையத்திலிருந்து சைக்கிள் சக்கரத்துக் கம்பிகளைப் போல எல்லாப் பக்கமும் முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த முள் நுனிகள் மட்டுமே தரையில் படுவதால் சிறு காற்றுக்கும் அது நகர்ந்துவிடுகிறது. முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டி அரிச்சல்முனை வரை, சாலையின் இருபுறமும் உள்ள மணல்மேடுகளில் இதன் தாய்ச்செடிகளைப் பார்க்கலாம். 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்ட பிறகு வெளியூர்க்காரர்கள் பேருந்திலும் காரிலும் அங்கே வந்து இறங்குகிறார்கள். அதனால் இந்தக் கேள்வியும் முன்பைவிட அதிகமாகக் காதில் விழுகிறது.

இதன் அறிவியல் பெயர் என்ன? எந்தக் குடும்பம்?

ஸ்பினிஃபெக்ஸ் லிட்டோரியஸ். பழைய தாவர நூல்களில் ஸ்பினிஃபெக்ஸ் ஸ்குவாரோசஸ் என்று இருக்கும். அது 1771-இல் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த பெயர். ஆனால் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே பர்மன் என்ற டச்சுத் தாவரவியலாளர் இதே செடியை வேறொரு பேரினத்தில் வைத்து விவரித்திருந்தார். முதலில் வைத்த பெயருக்கே உரிமை என்ற விதிப்படி மெர்ரில் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் 1912-இல் இன்றைய பெயரை நிலைநிறுத்தினார். இரண்டு பெயர்களையும் பார்த்து இரண்டு செடிகள் என்று எண்ண வேண்டாம்.

புல் குடும்பத்துக்குள் இது கம்பு, தினை, கொழுக்கட்டைப் புல் ஆகியவை அடங்கிய கிளையைச் சேர்ந்தது. கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் மானாவாரியில் விளையும் கம்புக்குக் கடற்கரையில் இப்படி ஓர் உறவு இருப்பது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கிறது.

உருண்டை இல்லாத காலத்தில் இந்தப் புல்லை எப்படி அடையாளம் காண்பது?

கொடி, கணு, இலை மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலில் கொடி. கரைமணலில் விரல் பருமனுக்குச் சற்றுக் குறைவான, கட்டையான தண்டு தரையோடு தரையாகப் பல மீட்டர் நீளத்துக்கு ஓடும். பாதி மணலுக்குள் புதைந்திருக்கும், பாதி வெளியே தெரியும். இளங்கொடி வெளிர்பச்சையாகவும், வெயில்பட்ட பழைய கொடி வைக்கோல் நிறத்திலும் இருக்கும். வளரும் நுனி கூர்மையானது. மணலை ஊடுருவிக்கொண்டு முன்னே போகும்.

அடுத்து கணு. கொடியில் இடைவெளி விட்டு விட்டுக் கணுக்கள் வரும். ஒரு கணுவைச் சுற்றியுள்ள மணலைக் கையால் மெல்ல விலக்கிப் பாருங்கள். கீழே வெண்மையான வேர்கள் நேராக இறங்கியிருக்கும். அவற்றில் ஈரமணல் ஒட்டிக்கொண்டு, வேர் இருப்பதைவிடத் தடித்துத் தெரியும். மேலே அதே கணுவிலிருந்து இலைகள் ஒரு கற்றையாக எழும்பியிருக்கும். அந்தக் கற்றையின் அடியில் இலையுறைகள் அகலமாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கமாக அடுக்கியிருக்கும். பார்த்துவிட்டு மணலை மூடிவிடுங்கள். திறந்து கிடக்கும் வேர் நம்மூர் வெயிலில் விரைவில் காய்ந்துவிடும்.

இலை இந்தப் புல்லின் சாட்சிக் கையெழுத்து. நீளம் 5 முதல் 20 சென்டிமீட்டர், அகலம் 2 அல்லது 3 மில்லிமீட்டர். நிறம் சாம்பல் பூத்த நீலப்பச்சை. விரலால் தேய்த்தால் மெழுகுப் பூச்சு கொஞ்சம் விலகி, அடியில் நல்ல பச்சை தெரியும். இலை தட்டையாக விரிந்திருக்காது. இரண்டு ஓரங்களும் உள்நோக்கிச் சுருண்டு குழல்போல் ஆகி, வெளிப்பக்கமாக வளைந்து நிற்கும். நுனி ஊசி. வெறுங்காலோடு மணல்மேட்டில் ஏறியவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. இலையும் உறையும் சேரும் இடத்தைப் பிரித்துப் பார்த்தால், மற்ற பல புற்களில் இருக்கும் மெல்லிய சவ்வுக்குப் பதிலாக 2, 3 மில்லிமீட்டர் உயரத்தில் மயிர் வரிசை ஒன்று இருக்கும். கைக்கண்ணாடி இருந்தால் இதைப் பார்க்கத் தவறாதீர்கள்.

நிமிர்ந்து நிற்கும் தண்டுகள் 30 சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை வளரும். உள்ளே துளை இருக்காது, கெட்டியாக இருக்கும்.

சில செடிகளில் உருண்டையே வருவதில்லை. நோயா?

நோய் எதுவும் இல்லை. அவை ஆண் செடிகள். தொடக்கத்தில் நான் சொன்ன மறுபாதி இதுவே.

இராவணன் மீசையில் ஆண் செடி தனி, பெண் செடி தனி, பனையைப் போலவே. பனங்காடு பார்த்து வளர்ந்த இராமநாதபுரத்துக்காரர்களுக்கு இது உடனே புரியும். ஆனால் பெண் கதிர்த்தலை கண்ணைப் பறிப்பதால் ஆண் செடியை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. வேறு ஏதோ களை என்று நினைத்துப் பிடுங்கிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆண் பூங்கொத்து, 4 முதல் 9 சென்டிமீட்டர் நீளமுள்ள பல கதிர்கள் ஒரே இடத்திலிருந்து விரிந்து நிற்பது. ஒவ்வொரு கதிரிலும் பல சிறுகதிர்கள், அதாவது உமி மூடிய சிறு பூத்தொகுதிகள், வரிசையாக ஒட்டியிருக்கும். ஒவ்வொரு சிறுகதிரும் சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளம். பூக்கும் நேரத்தில் மகரந்தப் பைகள் வெளியே தொங்கி ஆடும். மகரந்தத்தை எடுத்துச் செல்வது காற்று. நீண்ட முள் கிடையாது, முழு உருண்டையாகவும் ஆகாது. காய்ந்ததும் அந்த இடத்திலேயே உதிர்ந்துவிடும்.

பெண் தலை 20 முதல் 35 சென்டிமீட்டர் விட்டம் வரை போகும். அது ஒரே காய் போலத் தெரிந்தாலும் பல கதிர்களின் தொகுப்பு. சாலையோரத்தில் உடைந்து கிடக்கும் ஒன்றை எடுத்து ஒரு முள்ளை மட்டும் அடியோடு கழற்றிப் பாருங்கள். 8 முதல் 19 சென்டிமீட்டர் வரை நீளும் அந்த முள்தான் கதிரின் அச்சு. அதன் அடியில், மையத்தை ஒட்டி, ஒரே ஒரு சிறுகதிர் பதுங்கியிருக்கும். சிறுகதிரின் உமிகள் கெட்டியானவை. அவற்றுக்குள்ளே இருக்கும் தானியமே விதை. ஒரு முள்ளுக்கு ஒரு சிறுகதிர் என்ற இந்தக் கணக்கைக் கண்ணால் பார்த்துவிட்டால், அதன் பிறகு ஆண், பெண் குழப்பம் வராது.

பூக்காத காலத்தில் இலையையும் கொடியையும் வைத்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. இன்னொன்றும் கவனத்தில் வைக்க வேண்டும். கொடி ஓடி ஓடிப் பரவும் செடி என்பதால், பெரிய திட்டு முழுவதும் ஒரே செடியாக இருக்கலாம். அப்படியானால் அங்குள்ள கதிர்கள் அனைத்தும் ஒரே பாலாக இருக்கும். பக்கத்துத் திட்டு அழிந்தால் இந்தத் திட்டில் விதை பிடிப்பதும் நின்றுபோகலாம்.

கரையில் வேறு புற்களும் இருக்கின்றன. எதனோடு இதைக் குழப்பிக்கொள்வார்கள்?

மணற்கோரையோடு அதிகமாகக் குழப்பிக்கொள்கிறார்கள். அது புல்லே இல்லை, கோரை இனம். மணலுக்கடியில் மெல்லிய கிழங்குத்தண்டு ஓடி, மேலே தளிர்கள் நேர்கோட்டில் வரிசையாக முளைத்து நிற்கும். பூத்தண்டின் உச்சியில் பழுப்பு நிறத்தில் ஒரு சிறு உருண்டை இருக்கும், கட்டைவிரல் நகத்தளவு. தொட்டால் குத்தாது.

உவர்மண் தரையில், கழிமுக ஓரங்களிலும் உப்பளப் பக்கங்களிலும் பாய் விரித்ததுபோல் படரும் குட்டைப் புற்கள் உண்டு. இலைகள் தண்டின் இரு பக்கமும் மாறி மாறி அமைந்திருக்கும், கதிர் ஒல்லியாக நிமிர்ந்து நிற்கும். இராவணன் மீசை அத்தகைய சேற்றுப் பாங்கான நிலத்தில் வராது. அதற்குக் காற்றில் நகரும் மணல் வேண்டும்.

இராமேசுவரத்தில் தர்ப்பணத்துக்குப் பயன்படும் தர்ப்பையையும் சிலர் இதுவோ என்று கேட்கிறார்கள். தர்ப்பை நெட்டையாக, கொத்தாக எழும் புல். அதன் கதிர் ஒடுங்கி நிமிர்ந்திருக்கும். இலை நீளம், ஓரம் அறுக்கும். கரைமணலில் கொடியாக ஓடும் பழக்கம் அதற்கு இல்லை.

இணையத்தில் ஸ்பினிஃபெக்ஸ் என்று தேடினால் ஆஸ்திரேலியப் பாலைவனப் படங்கள் வருகின்றனவே?

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலங்களில் மேடு மேடாக வளரும் ஒரு புல்லை அங்குள்ள மக்கள் பேச்சு வழக்கில் அந்தப் பெயரால் அழைக்கிறார்கள். அது ட்ரையோடியா என்ற வேறு பேரினம். கடற்கரைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து கடற்கரைகளில் நம் புல்லின் உண்மையான உடன்பிறப்பு ஒன்று இருக்கிறது: ஸ்பினிஃபெக்ஸ் செரிசியஸ். அதன் இலையில் பட்டுப்போன்ற வெள்ளி மயிர் அடர்ந்திருக்கும், தொடுவதற்கு மென்மையாக இருக்கும். நம்முடையதில் இலையில் மயிர் இல்லை, மெழுகு இருக்கிறது, நுனி குத்துகிறது. தோட்டக்கலைப் பக்கங்களில் அழகுப்புல் என்று காட்டப்படும் படங்கள் பலவும் அந்த மென்மையான இனத்தின் படங்கள். அதைப் பார்த்துவிட்டு இதை நட்டால் ஏமாற்றம் வரும்.

நம்முடைய இனம் இந்தியா, இலங்கைக் கரைகளிலிருந்து தென்கிழக்கு ஆசியா, தென்சீனம், தைவான் வரை பரவியிருக்கிறது.

இராமநாதபுரம் மாவட்டத்தில் எங்கே பார்க்கலாம்?

தனுஷ்கோடி மணல்திட்டு முதலிடம். கோதண்டராமர் கோயில் செல்லும் வழியிலிருந்தே மணல்மேடுகள் தொடங்கிவிடும். அங்கே இதோடு அடும்பும் படர்ந்திருக்கும். இரண்டாகப் பிளந்த இலை, ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூ. நெய்தல் நிலப் பாடல்களில் வரும் அதே அடும்பு. கடலுக்கு மிக அருகில் அடும்பும் இராவணன் மீசையும், சற்று உள்ளே தாழை, அதற்கும் உள்ளே பனையும் குடைவிரித்த உடைமரமும் என்று நிற்கும் வரிசையை ஒரே பார்வையில் காண இதைவிட நல்ல இடம் தெற்கே எனக்குத் தெரியாது.

மணல்மேடு எங்கெல்லாம் சிதையாமல் மிஞ்சியிருக்கிறதோ, மன்னார் வளைகுடாக் கரையில் அங்கெல்லாம் தேடிப் பார்க்கலாம். பாக் நீரிணைப் பக்கம் அலை அடங்கியது. தேவிபட்டினம், தொண்டிப் பக்கத்துக் கரைகளில் சேறும் உவர்நிலமும் கூடுதல். ஆகவே தேடலைத் தென்கரையிலிருந்து தொடங்குவது நல்லது.

கடலுக்குள் இருக்கும் தீவுகளுக்குப் போய்ப் பார்க்க நினைக்காதீர்கள். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலான 21 தீவுகள் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் அடங்குகின்றன. அனுமதியின்றி இறங்க முடியாது.

இந்தப் புல் மணல்மேட்டை உருவாக்குகிறது என்கிறார்கள். எப்படி?

காற்றில் போகும் மணலில் பெரும்பகுதி தரையை ஒட்டியே துள்ளித் துள்ளிப் போகிறது, முழங்கால் உயரத்துக்கும் கீழே. ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது தனுஷ்கோடியில் நின்றால் கணுக்காலில் மணல் அறைவதை உணரலாம், முகத்தில் அவ்வளவாகப் படாது. அந்த உயரத்தில் விறைப்பான இலைக் கற்றைகள் நிற்கின்றன. காற்று அவற்றில் மோதி வேகம் தளர்கிறது. வேகம் தளர்ந்த காற்றால் மணலைச் சுமக்க முடியாது. கற்றையின் அடியிலும் பின்புறத்திலும் இறக்கிவிட்டுப் போகிறது.

இப்படிக் குவியும் மணலில் சாதாரணச் செடி மூச்சுமுட்டிச் செத்துவிடும். இராவணன் மீசைக்கு அதுவே ஊக்கம். புதையப் புதையத் தண்டு மேல்நோக்கி நீண்டு, புதிய கணுக்களில் புதிய வேர்களை விடுகிறது. மறுபடி மணல் ஏறுகிறது, மறுபடி புல் ஏறுகிறது. காற்றால் அரிக்கப்பட்டுப் பாதி உடைந்து நிற்கும் மணல்மேட்டின் பக்கவாட்டைப் பார்த்தால், மணலுக்குள் பல அடுக்குகளில் பழைய கொடிகள் கிடப்பது தெரியும். ஒவ்வோர் அடுக்கும் ஒருகாலத்தில் மேற்பரப்பாக இருந்தது.

உப்பும் வெயிலும் இதை ஒன்றும் செய்யாதா?

உப்புத் தூறலை மெழுகுப் பூச்சு தடுக்கிறது. இலை உள்நோக்கிச் சுருண்டிருப்பதால், நீராவி வெளியேறும் துளைகள் குழலுக்குள் ஒளிந்துகொண்டு வறட்டுக் காற்றிலிருந்து தப்பிக்கின்றன. கம்பு, சோளம், கரும்பைப் போல இதுவும் சி4 முறையில் ஒளிச்சேர்க்கை செய்யும் புல். கடும் வெயிலிலும் குறைந்த தண்ணீரிலும் உணவு தயாரிக்க வல்லது. ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் என்ற நம் மாவட்டத்துக்கு இந்த அமைப்பு நன்றாகப் பொருந்துகிறது.

ஆனால் கடல்நீர் வேரடியில் நாள்கணக்கில் தேங்கினால் தாங்காது. மணல் நீரை வடியவிடும்வரை அதற்குக் கவலை இல்லை.

புல் போனால் என்ன கெட்டுவிடும்? மணல் எப்படியும் இருக்குமே?

மணல் இருக்கும், ஆனால் இருந்த இடத்தில் இருக்காது. ஓரிடத்தில் புல் செத்தால் காற்று அங்கே குழி பறிக்கும். குழியின் ஓரம் சரியும், பக்கத்துப் புல்லின் வேர் வெளியே தெரியும், அதுவும் காயும். குழி அகன்றுகொண்டே போய், மேட்டில் ஒரு வாய்க்காலே திறந்துவிடும். புயலில் கடல் பொங்கினால் தண்ணீர் அந்த வழியாகத்தான் உள்ளே வரும். மணல் சாலைமீதும் குடிசைமீதும் ஏறும்.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. 1964 டிசம்பர் 22, 23 இரவில் தனுஷ்கோடியை அழித்த புயலைப் போன்ற ஒன்றை எந்தப் புல்லும் மணல்மேடும் தடுத்து நிறுத்தியிருக்காது. ஆண்டுதோறும் வரும் சாதாரணச் சீற்றங்களிலும், புயலுக்குப் பிறகு கரை தன்னைத் தானே மீண்டும் கட்டிக்கொள்வதிலும் இதன் உழைப்பு தெரியும்.

மக்கள் பேசாத இன்னொரு காரணம் குடிநீர். தனுஷ்கோடியில் மணலில் ஆழமில்லாத ஊற்று தோண்டி, நல்ல தண்ணீர் அள்ளிக் குடிக்கிறார்கள். இரண்டு பக்கமும் கடல் இருக்க, நடுவில் நல்ல தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மணல்மேட்டில் இறங்கிய மழைநீர், கடல்நீரைவிட எடை குறைவு என்பதால், கீழே உள்ள உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்குமேல் நிலத்தடி நல்லநீர் ஓர் அடி உயர்ந்திருந்தால், அதற்குக் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நல்லநீர் நிற்கக்கூடும் என்பது நிலத்தடிநீர் அறிஞர்களின் கணக்கு. மணல்மேடு தாழத் தாழ அந்த உயரம் குறையும், இருப்பு பல மடங்காகச் சுருங்கும். மேட்டை மேடாக வைத்திருக்கும் புல்லுக்கும் ஊற்றில் சுரக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவு இதுதான். ஊற்றிலிருந்து குடத்தில் முகந்து செல்லும் ஒவ்வொருவருக்கும் இந்தப் புல் சொந்தக்காரர் என்றே நான் சொல்வேன்.

சவுக்கு நட்டால் போதாதா? வேகமாக வளருமே?

சவுக்கு காற்றைத் தடுக்கும், விறகு தரும். அதற்கு உரிய இடம் மணல்மேட்டுக்குப் பின்னால் இருக்கிறது. கடலை நோக்கிய முகப்பில் நெருக்கமாக நட்டால் உதிர்ந்த ஊசிகள் மெத்தையாகப் படிந்து, நிழலும் விழுந்து, அடியில் இராவணன் மீசையும் அடும்பும் வளராது. திறந்த மணலில் முட்டையிட வரும் பங்குனி ஆமைக்கும் அந்த இடம் உதவாது. முகப்பு புல்லுக்கு, பின்புறம் மரத்துக்கு என்று விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சீமைக்கருவேல் மேட்டுக்குள் நுழைந்தால் தாமதிக்காமல் அகற்றுங்கள்.

உருண்டையை வீட்டில் அழகுக்கு வைக்க எடுத்துப் போகலாமா?

செடியில் நிற்பதை ஒடிக்காதீர்கள். அது விதை சுமக்கும் தலை. மேலும் தனுஷ்கோடியில் 2025 ஜூனில் பூநாரைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. சரணாலயத்துக்குள்ளிருந்தும் தேசியப் பூங்காவிலிருந்தும் எதையும் அனுமதியின்றி எடுத்து வருவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

அந்த எல்லைகளுக்கு வெளியே, சாலையிலோ வீட்டு மதிலிலோ வந்து மோதிக் கிடக்கும் காய்ந்த தலையை எடுத்துக்கொள்வதில் கேடில்லை. எடுப்பதற்கு முன் அருகிலுள்ள மணல்மேட்டின் மீது அதை இரண்டு மூன்று தட்டு தட்டுங்கள். தளர்ந்த சிறுகதிர்கள் அங்கேயே உதிரும். வீட்டில் பெரிய மண்சாடியில் காம்பு கீழாக நிறுத்தினால் வார்னிஷ், சாயம் எதுவும் இல்லாமலே ஆண்டுக்கணக்கில் நிற்கும். பொன்னிற முட்களின் நிழல் சுவரில் விழும் அழகைச் சாயம் பூசிக் கெடுப்பது வீண் வேலை. குழந்தைகளின் கண்மட்டத்தில் வைக்காதீர்கள். விளக்கு, ஊதுவத்திக்கு அருகிலும் வேண்டாம், சட்டென்று பற்றிக்கொள்ளும்.

கடலோர வீட்டுத் தோட்டத்தில் வளர்க்கலாமா?

மணல் நிலம், முழு வெயில், கடற்காற்று மூன்றும் இருந்தால் வளர்க்கலாம். நீலச்சாம்பல் நிறத் திட்டு, வெண்மணலின்மேல் பார்க்க மிக அழகாக இருக்கும். நடைபாதை, வாசல், குழந்தைகள் விளையாடும் இடம் ஆகியவற்றிலிருந்து நன்றாகத் தள்ளி நடுங்கள். கரிசல் மண்ணிலோ தொட்டியிலோ வளர்ப்பதற்கு ஏற்ற செடி இது அல்ல. நிழலில் வெளுத்துப் படுத்துவிடும்.

வெறுங்காலில் நடக்கும் பசும்பரப்பு வேண்டும் என்றால் மணிலாப் புல் போடுங்கள். அதுவும் ஆசியக் கடற்கரைகளுக்குச் சொந்தமான, உப்பைத் தாங்கும் புல்லே.

நடுவது எப்படி?

கொடித்துண்டு வைத்து நடுவதே எளிது. இரண்டு மூன்று கணுக்கள் உள்ள துண்டாக இருக்க வேண்டும். உயிருள்ள மேட்டிலிருந்து வெட்டாதீர்கள். அலை அரித்ததால் வேர் தெரியத் தொங்கும் கொடிகளும், கட்டுமானத்துக்காகத் தனியார் மனையில் ஏற்கெனவே பெயர்த்துப் போட்ட கொடிகளும் போதும். ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து அன்றே நட்டுவிடுங்கள்.

ஐப்பசியில் மழை பிடித்ததும், ஈரமணல் தட்டுப்படும் ஆழம்வரை பள்ளம் பறித்து, துண்டைச் சாய்வாகக் கிடத்தி, கணுக்களை மூடி, இலைக் கற்றையை மட்டும் வெளியே விடுங்கள். அரை மீட்டர் இடைவெளி போதும். எரு வேண்டாம். உரம் போட்டால் களைகள்தான் கொழுக்கும். காற்று வரும் பக்கம் பனையோலைத் தட்டியை இடைவெளி விட்டுக் கட்டுங்கள். அடைத்துக் கட்டினால் காற்று மேலேறிச் சுழன்று மணலைப் பறிக்கும். இடைவெளி இருந்தால் மணல் தட்டியடியில் படிந்து புல்லுக்கு மேடு கிடைக்கும். விதை பிடிக்க வேண்டுமானால் ஆண் திட்டு, பெண் திட்டு இரண்டிலிருந்தும் துண்டுகள் எடுக்க வேண்டும். பூத்த காலத்தில் எந்தத் திட்டு எது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆடு, மாடு மேயுமா?

கால்நடைகள் பெரும்பாலும் சீண்டுவதில்லை. இலை விறைப்பானது, நுனி குத்தும். மேய்ச்சலைவிட மிதிபடுவதே கேடு.

சுற்றுலா வருகிறவர்கள் என்ன கவனிக்க வேண்டும்?

மேட்டின்மேல் வண்டி ஏற்றக்கூடாது, இதுவே முதன்மை. சக்கரம் ஒருமுறை ஏறினாலும் கொடியின் வளரும் நுனி நசுங்கிவிடும். அந்தத் தடத்தையே அடுத்த வண்டியும் பின்பற்றும். கடலுக்குப் போக ஏற்கெனவே பாதை இருந்தால் அதிலேயே நடங்கள், புகைப்படத்துக்காகப் புதுத் தடம் போடாதீர்கள். புல்லில் சிக்கியிருக்கும் பிளாஸ்டிக் பையையும் அறுந்த வலைத்துண்டையும் எடுத்துப் போனால் நல்லது. ஆனால் கொடியோடு சேர்த்து இழுக்காமல், வலையை வெட்டி விடுவித்து எடுங்கள்.

மணல்மேட்டைச் சமன்செய்து கடை, விடுதி கட்டுகிறார்கள். சட்டம் ஏதும் இருக்கிறதா?

இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மணல்மேடுகளைப் பவளப்பாறை, அலையாத்திக் காடு, ஆமை முட்டையிடும் இடம் ஆகியவற்றோடு சேர்த்து, மிகக் கடுமையான பாதுகாப்புள்ள முதல் வகையில் வைத்திருக்கிறது. புகார் எழுதும்போது "மணல் அள்ளுகிறார்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். மேட்டின் ஏறத்தாழ உயரம், அதன்மேல் வளரும் செடிகளின் பெயர்கள், தேதியிட்ட புகைப்படங்கள், கைப்பேசியில் கிடைக்கும் இடக்குறிப்பு ஆகியவற்றைச் சேருங்கள். இராவணன் மீசையும் அடும்பும் வேர்விட்டு நிற்கும் படம், அது வெறும் மணல் குவியல் என்று சொல்லித் தப்பிப்பவர்களுக்கு நேரடிப் பதிலாக அமையும். மனுவை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

புகைப்படம் எடுத்து அடையாளம் கேட்பதானால் எந்தெந்தப் பகுதிகளை எடுக்க வேண்டும்?

நான்கு படங்கள் போதும்: கொடியும் கணுவும் தெரியும்படி ஒன்று, இலை நுனியும் இலையுறையும் அருகில் ஒன்று, கதிர் ஒன்று, சுற்றியுள்ள நிலம் தெரியும்படி தூரத்திலிருந்து ஒன்று. அளவு தெரிய ஒரு பேனாவையோ நாணயத்தையோ பக்கத்தில் வையுங்கள். உருண்டையை மட்டும் எடுத்து அனுப்பினால் அது எந்த மேட்டிலிருந்து உருண்டு வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆண் கதிரைக் கண்டால் அதையும் தவறாமல் எடுங்கள்.